மொஸ்கிட்டோ சர்வர்: ராஸ்பெர்ரிக்குள் ஓடுகிறது, தோட்டத்து ஈஎஸ்பி மட்டும் இணைய மறுக்கிறது

தென்னந்தோப்பு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பொள்ளாச்சி பக்கம் எங்கள் தோப்பில் ஒரு சின்ன ஏற்பாடு வைத்திருக்கிறேன். வீட்டில் ஒரு ராஸ்பெர்ரி பை (கையடக்கக் கணினி), அதில் மொஸ்கிட்டோ, அதாவது எம்கியூடிடி நெறிமுறையில் கருவிகளுக்கு நடுவே செய்திகளை வாங்கிக் கொடுக்கும் சர்வர். மேல்நிலைத் தொட்டியின் மூடியில் அல்ட்ராசோனிக் சென்சாரோடு ஒரு ஈஎஸ்பி8266 (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டு). போர்வெல் மோட்டார் ரூமில் ரிலேயோடு (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இன்னொரு ஈஎஸ்பி8266. தொட்டியில் இருப்பது தண்ணீர் மட்டத்தை அனுப்பும். ராஸ்பெர்ரியில் ஓடும் பைத்தான் நிரல் அதைப் பார்த்து மோட்டாரைப் போடவோ நிறுத்தவோ சொல்லும்.

இது பழைய 1.5 பதிப்பில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. எஸ்டி கார்டு போய்விட்டதால் புதுக் கார்டில் புது ஓஎஸ் ஏற்றி, ஆப்டில் இருந்தே மொஸ்கிட்டோவை நிறுவினேன். ராஸ்பெர்ரிக்குள் ஒரு டெர்மினலில் சப்ஸ்கிரைப் (செய்தி கேட்பது), இன்னொன்றில் பப்ளிஷ் (செய்தி அனுப்புவது) செய்தால் செய்தி வந்துவிடுகிறது. ஆனால் இரண்டு ஈஎஸ்பியும் இணையவே இல்லை. சீரியல் மானிட்டரில் ‘மைனஸ் 2’ என்றே வருகிறது. பிங் போகிறது. ஃபயர்வால் எதுவும் போடவில்லை. எங்கே பார்ப்பது?

மலர்க்கணினி எழுதியது:

ஈஎஸ்பியில் எம்கியூடிடிக்குப் போட்டிருப்பது பப்சப்கிளையன்ட் லைப்ரரிதானே? அதில் மைனஸ் 2 என்றால் டிசிபி இணைப்பே கிடைக்கவில்லை என்று அர்த்தம். பயனர் பெயர், கடவுச்சொல் பற்றியெல்லாம் பேசும் கட்டத்துக்கே இன்னும் போகவில்லை. சர்வர் கிளம்பும்போது லாகில் எழுதும் முதல் சில வரிகளைப் போடுங்கள்.

தென்னந்தோப்பு எழுதியது:

அக்கா, பதிப்பு 2.0.11 என்று ஒரு வரி. அதற்குக் கீழே ‘லோக்கல் ஒன்லி மோட்’ என்றும், இந்தக் கணினியில் ஓடும் நிரல்கள் மட்டுமே இணையலாம் என்றும் வருகிறது. பிறகு 1883 போர்ட்டைத் திறந்ததாகச் சொல்கிறது.

நள்ளிரவு ஷெல் எழுதியது:

விடை அந்த வரியிலேயே இருக்கிறது தம்பி.

மொஸ்கிட்டோ 2.0 வெளிவந்தது 2020 டிசம்பரில். அதற்கு முன்பு, கான்ஃபிக் எதுவும் எழுதாமல் சர்வரைக் கிளப்பினாலே அது எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் காது கொடுத்துக் கேட்கும். யார் வந்தாலும் பெயர் கேட்காமல் உள்ளே விடும். வசதிதான். ஆனால் ஷோடான் மாதிரி தேடுபொறியில் 1883 என்று தேடிப் பாருங்கள். திறந்து கிடக்கும் சர்வர்கள் வரிசையாக வரும். யார் வீட்டு ஏசி, யார் வீட்டுக் கதவு, யார் தோட்டத்து மோட்டார் என்று தெரியாது, ஆனால் எவனோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து அதைப் போடலாம், நிறுத்தலாம். 2.0 அந்த வாசலை அடைத்தது. நீங்களாகச் சொல்லாத வரை அது 127.0.0.1 முகவரியில் மட்டுமே கேட்கும். ‘எஸ்எஸ்’ கட்டளை கொடுத்து எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது என்று பாருங்கள். 127.0.0.1:1883 என்றுதான் இருக்கும். அது 0.0.0.0:1883 என்று மாறினால்தான் ஈஎஸ்பி உள்ளே வர முடியும்.

மெயின் கான்ஃபிக் ஃபைலில் கை வைக்காதீர்கள். அதற்குப் பக்கத்தில் ‘கான்ஃப்.டி’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் புதிதாக ஒரு ஃபைல் உருவாக்கி ‘லிசனர் 1883’ என்று ஒரு வரி எழுதுங்கள். இதோடு நிறுத்தினால் மைனஸ் 2 போய், 5 வரும். 5 என்றால் அனுமதி இல்லை என்று சர்வரே சொல்கிறது. ஏனென்றால் லிசனர் என்று நாமாக ஒன்றைப் போட்டுவிட்டால், பெயரில்லாமல் வருகிறவர்களை 2.0 விடாது. இணையத்தில் தேடினால் பாதிப் பேர் ‘அலவ் அனானிமஸ் ட்ரூ’ என்று ஒரு வரி போட்டு முடித்துக்கொள்ளச் சொல்லுவார்கள். ஒரு மோட்டாரை ஓட்டும் சர்வரில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் வைஃபை கடவுச்சொல் தெரிந்த விருந்தாளியின் போனிலிருந்துகூட மோட்டார் ஓடும்.

மொஸ்கிட்டோவோடு கூடவே வரும் கடவுச்சொல் கருவியில் மூன்று பயனர்களை உருவாக்குங்கள்: தொட்டி, மோட்டார், நிரல். கவனம், அந்தக் கருவியில் ‘சி’ என்ற சுவிட்ச் புது ஃபைலை உருவாக்க. இரண்டாவது பயனரைச் சேர்க்கும்போதும் அதையே கொடுத்தால் முதல் பயனர் அழிந்துவிடும். இன்னொன்று, சுடோ போட்டு உருவாக்கிய ஃபைல் ரூட் பெயரில் இருக்கும். 2.0 பதிப்பு கிளம்பிய கையோடு ரூட் அதிகாரத்தை விட்டுவிட்டு ‘மொஸ்கிட்டோ’ என்ற பயனராக மாறிவிடும். அந்தப் பயனருக்கு ஃபைலைப் படிக்க அனுமதி இல்லையென்றால் சர்வர் கிளம்பாது. ஃபைலின் குரூப்பை மாற்றிக் கொடுங்கள்.

நேரம் இருந்தால், யார் எதைப் படிக்கலாம், எழுதலாம் என்று சொல்லும் ஏசிஎல் ஃபைலும் போடுங்கள். தொட்டி ஈஎஸ்பி மட்டத்தை எழுதலாம், வேறெதுவும் கூடாது. மோட்டார் ஈஎஸ்பி கட்டளையைப் படிக்கலாம், தன் நிலையை எழுதலாம். கட்டளையை எழுதும் உரிமை நிரலுக்கு மட்டும்.

கோடுபித்தன் எழுதியது:

இரண்டு ஈஎஸ்பிக்கு நடுவில் எதற்கு இப்படி ஒரு சர்வர்? மோட்டார் ஈஎஸ்பியிலேயே ஒரு சின்ன எச்டிடிபி சர்வர் வைத்துவிட்டு, ராஸ்பெர்ரி நிரல் அதை நேரடியாகக் கூப்பிட்டால் போதாதா? பின்னணியில் ஒரு சர்வர் ஓடுகிறது என்றால் பராமரிக்க ஒரு பொருள் கூடுகிறது. அது விழுந்தால் எல்லாமே விழும்.

மலர்க்கணினி எழுதியது:

@கோடுபித்தன், இரண்டே கருவி, ஒரே நிரல் என்றால் நீங்கள் சொல்வது சரி, நானும் எச்டிடிபியே போதும் என்பேன். ஆனால் இது இரண்டோடு நிற்பதில்லை. நாளைக்கு மட்டத்தை ஒரு வரைபடமாகப் பார்க்க வேண்டும் என்பார். போனில் வேண்டும் என்பார். கீழ்த்தோட்டத்தில் இன்னொரு தொட்டி வரும். நேரடியாகப் பேசினால் ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றின் ஐபி முகவரியையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ரவுட்டரை மாற்றினால் எல்லாவற்றையும் திறந்து திருத்த வேண்டும்.

நடுவில் ஒரு சர்வர் இருந்தால் எல்லோருக்கும் அதன் முகவரி ஒன்று தெரிந்தால் போதும். தொட்டி ஈஎஸ்பி ‘தோட்டம்/தொட்டி/மட்டம்’ என்ற டாபிக்கில் (செய்திக்கு வைக்கும் முகவரிப் பெயர்) ஒரு எண்ணை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கும். அதை யார் கேட்கிறார்கள், எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது அதற்குத் தெரியவே வேண்டாம். புதிதாக ஒரு நிரலைச் சேர்க்க, தொட்டி மேல் ஏறி ஈஎஸ்பியைக் கழற்ற வேண்டியதில்லை. எனக்கு இதுதான் பெரிய லாபமாகத் தெரிகிறது.

இந்த நெறிமுறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலும் இது புரியும். 1999இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எம்கியூடிடியை வடிவமைத்தது எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க. பாலைவனத்துக் குழாயிலிருந்து செயற்கைக்கோள் வழியாகத் தகவல் வர வேண்டும். அனுப்பும் ஒவ்வொரு பைட்டுக்கும் காசு, இணைப்பும் அடிக்கடி அறுந்துபோகும். அதனால்தான் ஒரு சின்னச் செய்தியின் நிலையான தலைப்பகுதி 2 பைட்டிலேயே முடிந்துவிடும். கருவி திடீரென்று காணாமல் போனால் மற்றவர்களுக்குச் சொல்லும் ஏற்பாடும் நெறிமுறைக்குள்ளேயே இருக்கிறது. தென்னந்தோப்புக்கு நடுவே இலைகளைத் தாண்டிவரும் அரைகுறை வைஃபைக்கு இது பொருத்தமாகத்தான் இருக்கும்.

கோடுபித்தன் எழுதியது:

சரி, ஐபி முகவரி விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். சர்வர் விழுந்தால் மோட்டார் என்ன ஆகும் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

தென்னந்தோப்பு எழுதியது:

நள்ளிரவு ஷெல் சார், மிக்க நன்றி. நீங்கள் சொன்னது போலவே முதலில் 5 வந்தது. கடவுச்சொல் ஃபைலின் குரூப்பை மாற்றியதும் இரண்டும் இணைந்துவிட்டன.

இப்போது வேறொன்று. தொட்டி ஈஎஸ்பி இணைந்ததும் மோட்டார் ஈஎஸ்பி துண்டிக்கப்படுகிறது. அது திரும்ப வந்ததும் தொட்டி துண்டிக்கப்படுகிறது. மாறி மாறி இப்படியே போகிறது. லாகில் ‘ஏற்கனவே இணைந்திருக்கிறது, பழைய இணைப்பை மூடுகிறேன்’ என்ற பொருளில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது. வைஃபை சிக்னல் பிரச்சினையா?

மலர்க்கணினி எழுதியது:

இல்லை. இரண்டிலும் கிளையன்ட் ஐடி ஒன்றாக இருக்கிறது. பயனர் பெயர் வேறு, கிளையன்ட் ஐடி வேறு. ஒரே ஐடியில் இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆளை வெளியேற்ற வேண்டும் என்பது நெறிமுறையின் கட்டாய விதி. சர்வர் அதைத்தான் செய்கிறது. ஒரே ஸ்கெட்சை (ஈஎஸ்பிக்கான நிரல்) இரண்டிலும் ஏற்றும்போது இது சகஜம். ஈஎஸ்பியின் மேக் முகவரியில் கடைசி ஆறு எழுத்துகளை ஐடியோடு ஒட்டிவிடுங்கள், இனி எத்தனை கருவி வந்தாலும் மோதாது.

அப்படியே ஸ்கெட்சில் பெரிய ‘டிலே’ எதுவும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பப்சப்கிளையன்டின் கீப்அலைவ், அதாவது ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று சர்வருக்குத் தெரிவிக்க வேண்டிய இடைவெளி, 15 விநாடி. லூப்பில் அதன் முறை வராமல் அரை நிமிடம் தூங்கவிட்டால் சர்வர் இணைப்பை அறுத்துவிடும்.

தென்னந்தோப்பு எழுதியது:

அக்கா, ஐடி மாற்றியதும் நின்றுவிட்டது. லாக் இப்போது அமைதியாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று, இது பழைய கார்டிலும் இருந்த பிரச்சினை. கரண்ட் போய்த் திரும்ப வந்ததும் சில சமயம் மோட்டார் தானாக ஓட ஆரம்பிக்கிறது. தொட்டி நிறைந்திருந்தாலும் ஓடுகிறது. நிரல் ‘ஆன்’ என்று அனுப்பியதாக அதன் லாகில் இல்லை. பிறகு நிரல் மட்டத்தைப் பார்த்து நிறுத்திவிடுகிறது. ரிலே கெட்டிருக்குமா?

மின்பொறி எழுதியது:

தம்பி, இதைக் கடைசியாகக் கேட்கிறீர்களே, முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. கரண்ட் இல்லை என்று நம்பி அப்பா ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து கை வைத்திருக்கும்போது இது நடந்தால்? இன்றே மோட்டார் ஈஎஸ்பியின் ரிலே ஒயரைக் கழற்றி வையுங்கள். சரியான பிறகு மாட்டலாம்.

ரிலேயை எப்படி இணைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். பச்சை பட்டனுக்கு இணையாகக் கொடுத்து, ஓட வேண்டிய நேரம் முழுக்க ரிலேயை மூடியே வைத்திருக்கிறீர்களா?

தென்னந்தோப்பு எழுதியது:

ஆமாம் அண்ணே, அப்படித்தான். ரிலே ஒயரைக் கழற்றிவிட்டோம்.

மின்பொறி எழுதியது:

அதுதான். ஸ்டார்ட்டருக்குள் ஒரு நல்ல ஏற்பாடு ஏற்கனவே இருக்கிறது. பச்சையை அழுத்தினால் காயில் (மின்காந்தச் சுருள்) இழுக்கும். அப்புறம் ஹோல்டிங் கான்டாக்ட் வழியாகக் காயில் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் காயில் விட்டுவிடும். திரும்ப வந்தாலும் யாராவது பச்சையை அழுத்தாமல் ஓடாது. நீங்கள் ரிலேயை மூடியே வைத்திருந்ததால் அந்தப் பாதுகாப்பு வேலை செய்யவில்லை.

இரண்டு ரிலே போடுங்கள். முதலாவது பச்சை பட்டனுக்கு இணையாக, சாதாரணமாகத் திறந்திருக்கும் முனையில். இரண்டாவது சிவப்பு பட்டனோடு தொடராக, சாதாரணமாக மூடியிருக்கும் முனையில். ஓட வேண்டும் என்றால் முதல் ரிலேக்கு ஒரு விநாடி மட்டும் கொடுத்து விடுங்கள். நிற்க வேண்டும் என்றால் இரண்டாவதற்கு ஒரு விநாடி. ஈஎஸ்பி செத்துப்போனாலும் இரண்டு ரிலேயும் தளர்ந்த நிலையில் இருக்கும். அப்பா பச்சையும் சிவப்பும் அழுத்தி எப்போதும் போல வேலை பார்க்கலாம்.

ரிலேயை ஈஎஸ்பியின் எந்தப் பின்னில் கொடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். டி1, டி2 இரண்டும் கிளம்பும்போது அமைதியாக இருக்கும். டி3, டி4 பின்கள் கிளம்பும் நொடியில் ஆட்டம் காட்டும். அந்த ஒரு துடிப்பே பச்சையை அழுத்தியது போல ஆகிவிடும்.

மோட்டார் ஓடுகிறதா என்பதை ‘ரிலேக்குக் கொடுத்தேன், அதனால் ஓடுகிறது’ என்று ஈஎஸ்பி தானாக முடிவு செய்யக் கூடாது. கான்டாக்டரின் (ஸ்டார்ட்டருக்குள் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச்) ஆக்சிலரி முனையிலிருந்து ஒரு ஜோடி ஒயர் எடுத்துப் படியுங்கள். சிங்கிள் பேஸ் பிரிவென்டரும் (ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்துவது) டிரை ரன் பாதுகாப்பும் (தண்ணீர் இல்லாமல் ஓடவிடாதது) ஸ்டார்ட்டர் பக்கமே இருக்கட்டும், அதை சாஃப்ட்வேர் கையில் கொடுக்க வேண்டாம்.

நள்ளிரவு ஷெல் எழுதியது:

மின்பொறி சொன்னது அத்தனையும் செய்யுங்கள். ஆனால் அதைச் செய்தாலும், தவறான ‘ஆன்’ ஒன்று வந்தால் ரிலே அந்த ஒரு விநாடித் துடிப்பைக் கொடுக்கத்தான் செய்யும். அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

ராஸ்பெர்ரியில் ஒரு டெர்மினலைத் திறந்து, ‘வி’ சுவிட்சோடு ‘தோட்டம்/#’ (தோட்டத்தின் கீழுள்ள எல்லா டாபிக்கும்) என்று சப்ஸ்கிரைப் செய்யுங்கள். யாரும் எதையும் அனுப்பாதபோதே, இணைந்த அந்த நொடியில் என்னென்ன வரிகள் வருகின்றன?

தென்னந்தோப்பு எழுதியது:

இரண்டு வரி வந்தன.
தோட்டம்/தொட்டி/மட்டம் 91
தோட்டம்/மோட்டார்/கட்டளை ஆன்

நள்ளிரவு ஷெல் எழுதியது:

பிடித்தாயிற்று. இரண்டும் ரீடெய்ன் கொடியோடு அனுப்பப்பட்டவை. ரீடெய்ன் என்றால் அந்த டாபிக்கின் கடைசிச் செய்தியை சர்வர் தன்னிடம் வைத்துக்கொள்ளும். புதிதாக யார் வந்து கேட்டாலும் உடனே அதை நீட்டும். மட்டத்துக்கு இது அருமை. நிரல் கிளம்பியதும் அடுத்த அளவுக்காகக் காத்திருக்காமல் கடைசி அளவை எடுத்துக்கொள்ளலாம். கட்டளைக்கு இது விஷம். கரண்ட் வந்து ஈஎஸ்பி கிளம்பிக் கேட்டவுடன், நிரல் எப்போதோ சொன்ன ‘ஆன்’ஐ சர்வர் எடுத்துக் கொடுக்கிறது. நிரலின் லாகில் இல்லாததற்குக் காரணமும் அதுதான், அது இப்போது எதையும் அனுப்பவே இல்லை.

அழிப்பதற்கு அதே டாபிக்கில் ரீடெய்ன் கொடியோடு வெற்றுச் செய்தி ஒன்றை அனுப்புங்கள். பப்ளிஷ் கருவியில் ‘ஆர்’, ‘என்’ இரண்டு சுவிட்சும் சேர்த்துக் கொடுத்தால் போதும். பிறகு நிரலில் கட்டளை அனுப்பும் இடத்தில் ரீடெய்னை எடுத்துவிடுங்கள். நிலை என்றால் ரீடெய்ன், கட்டளை என்றால் ரீடெய்ன் கூடவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பழைய கட்டளை இன்னொரு வழியிலும் வரும். கிளையன்ட் ‘கிளீன் செஷன்’ (பழையதை மறந்து புதிதாகத் தொடங்குவது) இல்லாமல் இணைந்து, கியூஓஎஸ் 1இல் (ஒருமுறையாவது கொண்டுசேர்க்கும் உறுதி) கேட்டுக்கொண்டிருந்தால், அது இல்லாத நேரத்தில் வந்த கியூஓஎஸ் 1 செய்திகளை சர்வர் வரிசையில் சேர்த்து வைக்கும். திரும்பி வந்ததும் மொத்தமாகக் கொட்டும். பப்சப்கிளையன்டில் வழக்கமாகக் கிளீன் செஷன்தான் என்பதால் உங்களுக்கு இப்போது இது வராது. ஆனால் ‘கியூஓஎஸ் 1 போட்டால் நம்பகமாக இருக்கும்’ என்று யாராவது சொன்னதும் மாற்றிவிடாதீர்கள். மூன்று மணி நேரம் கழித்து வந்து சேரும் ‘ஆன்’ நம்பகமானது அல்ல.

வடலி எழுதியது:

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து. ரீடெய்ன் செய்தியை அழித்ததோடு விட்டுவிடாதீர்கள் தம்பி. 2022இல் இங்கே நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது நாங்கள் மிளகாய்த் தோட்டத்துச் சேவரில் இதைப் பார்த்தோம்.

மொஸ்கிட்டோ ரீடெய்ன் செய்திகளை நினைவகத்தில்தான் வைத்திருக்கும். பெர்சிஸ்டன்ஸ் போட்டிருந்தால் அதை இடைக்கிடை கார்டில் எழுதும். அந்த இடைவெளி வழக்கமாக 1800 விநாடி, அதாவது அரை மணித்தியாலம். ஒழுங்காக நிறுத்தினால் நிறுத்தும்போதும் எழுதும். மின்சாரம் சட்டென்று போனால் எழுதாது. ஆகவே நீங்கள் இப்போது ‘ஆன்’ஐ அழித்து, கார்டில் எழுதப்படும் முன்னம் மின்சாரம் போனால், திரும்பி வரும்போது கார்டில் இருந்த பழைய ‘ஆன்’ உயிரோடு எழும்பி வரும். எங்களுக்கு விளங்கவே நேரம் எடுத்தது, அழித்த செய்தி எப்படித் திரும்பி வருகிறது என்று.

அழித்த கையோடு சேவர் புரோசசுக்கு ‘யூஎஸ்ஆர்1’ சிக்னல் கொடுங்கள், உடனே கார்டில் எழுதிவிடும். அல்லது சர்வீசை ஒருமுறை ஒழுங்காக மறுதொடக்கம் செய்யுங்கள். ராஸ்பெரிக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வைப்பதும் நல்லது, உங்கள் எஸ்டி கார்டு ஏன் போனது என்பதற்கும் அதுதான் காரணமாக இருக்கக்கூடும்.

நள்ளிரவு ஷெல் எழுதியது:

வடலி, அருமையான விஷயம். அழித்த செய்தி திரும்ப வரும் இந்த வழியை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை.

கோடுபித்தன் எழுதியது:

என் பழைய கேள்விக்கு வருகிறேன். சர்வரோ நிரலோ வைஃபையோ போய்விட்டால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை யார் நிறுத்துவது? ‘ஆஃப்’ வரவே வராதே.

என் யோசனை இது. ‘ஆன்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு விடாமல், ஓட வேண்டிய நேரம் முழுக்க நிரல் பத்து விநாடிக்கு ஒருமுறை ‘ஓடு’ என்று அனுப்பிக்கொண்டே இருக்கட்டும். ஈஎஸ்பி ஒரு நிமிடம் எதையும் கேட்கவில்லை என்றால் தானாக நிறுத்திவிடட்டும். நடுவில் எது செத்தாலும் மோட்டார் நிற்கும்.

மின்பொறி எழுதியது:

யோசனை நல்லது, ஒரு நிமிடம் என்பது வேண்டாம். தோப்புக்குள் வைஃபை நிமிடக் கணக்கில் போய்ப் போய் வரும். ஒவ்வொரு முறையும் மோட்டார் நின்று திரும்பக் கிளம்பினால் வைண்டிங் சூடாகும், கான்டாக்டர் முனை கருகும். போர்வெல்லில் குழாயில் இருக்கும் தண்ணீர் வேறு கீழே இறங்கும். ஐந்து நிமிடமாவது கொடுங்கள். நின்ற பிறகு குறைந்தது சில நிமிடம் திரும்பப் போடக் கூடாது என்றும் ஈஎஸ்பிக்குள்ளேயே எழுதுங்கள்.

மலர்க்கணினி எழுதியது:

ஐந்து நிமிடத்தில் தொட்டி எவ்வளவு ஏறும் என்று பார்த்து, நிறுத்தும் மட்டத்தை அதற்கேற்ப 90 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள். நிரலிலும் ஒரு காவல் வேண்டும். தொட்டி ஈஎஸ்பி செத்துப்போனால் ரீடெய்ன் ஆன பழைய மட்டமே நிரலிடம் இருக்கும். 40 என்று இருந்தால் அது என்றைக்கும் 40தான். கடைசி அளவு வந்து சில நிமிடங்களுக்கு மேல் ஆகிவிட்டால் ‘ஓடு’ அனுப்புவதை நிறுத்த வேண்டும். ரீடெய்ன் செய்தி வரும்போது அதன் கொடியை நிரலால் பார்க்க முடியும். அதை வரைபடத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, முடிவெடுக்க புதிதாக வரும் அளவையே நம்பச் சொல்லுங்கள்.

அந்த பைத்தான் நிரலை எப்படி ஓட்டுகிறீர்கள்?

தென்னந்தோப்பு எழுதியது:

எஸ்எஸ்எச்சில் நுழைந்து, ‘ஸ்க்ரீன்’ போட்டு, அதற்குள் ஓடவிட்டு வெளியே வந்துவிடுவேன். கரண்ட் போனால் திரும்ப நுழைந்து கிளப்ப வேண்டும். க்ரானில் (குறித்த நேரத்தில் நிரலைக் கிளப்பும் கருவி) ரீபூட் வரி போடலாமா என்று யோசித்தேன். எல்லோரும் சிஸ்டம்டி என்கிறார்கள், எதற்கு என்று புரியவில்லை.

நள்ளிரவு ஷெல் எழுதியது:

க்ரான் ஒருமுறை கிளப்பும், அவ்வளவுதான். நடு இரவில் நிரல் ஏதோ பிழையில் செத்தால் அதற்குத் தெரியாது. சிஸ்டம்டி கிளப்புவதோடு நிற்காமல் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும். மொஸ்கிட்டோவே அப்படித்தான் ஓடுகிறது.

சர்வீஸ் ஃபைலில் ஏழெட்டு வரி போதும். நெட்வொர்க்கும் மொஸ்கிட்டோவும் வந்த பிறகு கிளம்ப வேண்டும் என்று ‘ஆஃப்டர்’ வரி. செத்தால் திரும்பக் கிளப்ப ‘ரீஸ்டார்ட்’ வரி, அதில் ‘ஆன்-ஃபெயிலியர்’. ‘ரீஸ்டார்ட்செக்’ என்ற வரியில் 5 கொடுங்கள். அது இல்லையென்றால் செத்தவுடனே மிக வேகமாகத் திரும்பத் திரும்பக் கிளப்பி, பத்து விநாடிக்குள் ஐந்து முறை ஆனதும் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். நிரலை ரூட்டாக ஓட்டாமல் ‘யூசர்’ வரியில் சாதாரணப் பயனரைக் கொடுங்கள். கடைசியில் ‘எனேபிள்’ செய்ய மறக்காதீர்கள். ‘ஸ்டார்ட்’ இப்போதைக்கு, ‘எனேபிள்’ அடுத்த முறை கரண்ட் வரும்போதைக்கு.

நிரல் தன்னைத்தானே பின்னணிக்குத் தள்ளிக்கொள்ளக் கூடாது. முன்னணியில் ஓடட்டும், பின்னணியில் வைப்பது சிஸ்டம்டியின் வேலை. மொஸ்கிட்டோவைக் கையால் கிளப்பும்போது ‘டி’ சுவிட்ச் கொடுத்தால் அது தானாகப் பின்னணிக்குப் போகும். அதையே சர்வீஸ் ஃபைலில் எழுதினால், முதல் புரோசஸ் முடிந்ததைப் பார்த்து சர்வீஸ் நின்றுவிட்டது என்று சிஸ்டம்டி நினைத்துவிடும்.

பைத்தானுக்கு ‘யூ’ சுவிட்ச் கொடுங்கள். இல்லையென்றால் பிரிண்ட் செய்வதெல்லாம் பஃபரிலேயே கிடக்கும், சிஸ்டம்டியின் லாகான ஜர்னலில் ஒன்றும் தெரியாது.

மலர்க்கணினி எழுதியது:

நிரலுக்குள் ஒன்று. சப்ஸ்கிரைப் செய்யும் வரியை ‘ஆன் கனெக்ட்’ ஃபங்ஷனுக்குள் வையுங்கள். வெளியே ஒருமுறை மட்டும் எழுதியிருந்தால், மொஸ்கிட்டோ மறுதொடக்கம் ஆனதும் பைத்தானுக்கான பாஹோ எம்கியூடிடி லைப்ரரி திரும்ப இணையும், ஆனால் எதையும் கேட்காது. நிரல் ஓடுகிறது என்று சிஸ்டம்டி பச்சை காட்டும், செய்தி மட்டும் வராது. இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது மிகவும் சிரமம். புதுக் கார்டில் பாஹோ 2 வந்திருந்தால் கிளையன்ட் உருவாக்கும் வரியில் கால்பேக் பதிப்பையும் கொடுக்க வேண்டும், பழைய வரி அப்படியே ஓடாது.

தென்னந்தோப்பு எழுதியது:

எல்லாவற்றையும் செய்துவிட்டேன். ராஸ்பெர்ரி ஒயரைப் பிடுங்கி மாட்டிப் பார்த்தேன், சர்வரும் நிரலும் தானாக எழுந்தன, ரிலே அசையவில்லை. மின்பொறி அண்ணன் சொன்னபடி ஒயரிங்கை எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் மாற்றிக்கொண்டிருக்கிறார்.

நான் வேலை பார்ப்பது பெங்களூரில். அங்கிருந்து மட்டத்தைப் பார்க்க ரவுட்டரில் 1883ஐ ஃபார்வர்ட் செய்தால் போதுமா?

நள்ளிரவு ஷெல் எழுதியது:

கூடாது. 1883இல் கடவுச்சொல்லும் வெறும் எழுத்தாகவே போகிறது.

பெரும்பாலும் அது நடக்கவும் நடக்காது. ரவுட்டரின் வான் முகவரியை, அதாவது வெளி இணையப் பக்கத்து முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்கு (பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து யாரும் உங்கள் ரவுட்டரைத் தொட முடியாது, ஃபார்வர்ட் செய்தும் பயனில்லை.

இணைப்பு வீட்டிலிருந்து வெளியே போகட்டும். ஒரு சின்ன விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் சர்வர்) எடுத்து, அதற்கும் ராஸ்பெர்ரிக்கும் நடுவில் வயர்கார்டு (மறைகுறியாக்கிய தனி வலை, விபிஎன்) போடுங்கள். 2020இல் வந்த 5.6இலிருந்து அது லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ராஸ்பெர்ரி பக்கம் ‘பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்’ 25 விநாடி வையுங்கள், சிஜிநாட் அந்த வழியை மூடிவிடாது. உங்கள் போனும் அதே வலைக்குள் வந்தால், வீட்டில் இருப்பது போலவே ராஸ்பெர்ரியின் சர்வரோடு பேசும். விபிஎஸ்ஸில் 1883ஐத் திறக்கவே வேண்டாம். போனுக்குத் தனிப் பயனர், அதற்கு ஏசிஎல்லில் படிக்கும் உரிமை மட்டும்.

தென்னந்தோப்பு எழுதியது:

வான் முகவரி 100.80 என்றுதான் தொடங்குகிறது சார். வயர்கார்டு போட்டுவிடுகிறேன்.

அப்பா போனெல்லாம் பார்க்க மாட்டார். திண்ணையில் ஒரு விளக்கு, மோட்டார் ஓடினால் எரிய வேண்டும், மோட்டார் ரூம் ஈஎஸ்பி தொடர்பில் இல்லையென்றால் மின்ன வேண்டும். முடியுமா?

மலர்க்கணினி எழுதியது:

முடியும், இதற்குத்தான் லாஸ்ட் வில். மோட்டார் ஈஎஸ்பி இணையும்போதே ‘நான் சொல்லாமல் போய்விட்டால் இந்தச் செய்தியை அனுப்பு’ என்று சர்வரிடம் கொடுத்து வைக்கும். ‘தோட்டம்/மோட்டார்/இருப்பு’ என்ற டாபிக்கில் ‘இல்லை’ என்பதை வில்லாகக் கொடுங்கள், ரீடெய்னோடு. இணைந்து முடித்ததும் ஈஎஸ்பியே அதே டாபிக்கில் ‘உண்டு’ என்று அனுப்பட்டும், அதுவும் ரீடெய்னோடு. திண்ணை விளக்குக்கு இன்னொரு ஈஎஸ்பி, அது இருப்பையும் நிலையையும் மட்டும் கேட்கும்.

கரண்ட் போனால் உடனே மின்னாது. கீப்அலைவில் ஒன்றரை மடங்கு நேரம் சத்தமில்லை என்றால்தான் சர்வர் ஆள் போய்விட்டதாக எடுத்துக்கொள்ளும். உங்கள் 15 விநாடிக்கு அது சுமார் 22 விநாடி. தோப்பு வைஃபையில் அடிக்கடி வீணாக மின்னினால் கீப்அலைவை 60 ஆக்குங்கள், அப்போது ஒன்றரை நிமிடம் கழித்து மின்னும்.

திண்ணை விளக்கின் ஈஎஸ்பியே சர்வரோடு தொடர்பை இழந்தால் அதற்கு யாரும் எதுவும் சொல்ல முடியாது. அதனால் இணைப்பு இல்லாத நேரத்தில் அது தானாகவே மின்னும்படி அதன் ஸ்கெட்சில் எழுதிவிடுங்கள். கிளையன்ட் ஐடி வேறாக இருக்கட்டும்.